சாவு வீட்டுப் பந்திக்குத் தமிழில் என்ன பெயர்?

கேள்வி இதுதான்: அப்பா தவறிவிட்டார், பதினாறாம் நாள் காரியத்துக்குக் கார்டு அடிக்க வேண்டும். 'கருமாதி' என்று போட்டால் கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது என்கிறார் அண்ணன். 'மதிய விருந்து' என்று போட்டால் கல்யாணக் கார்டு போல ஆகிவிடும் என்கிறார் அத்தை. யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை 'அந்தியேட்டி' என்கிறார். இந்தச் சாப்பாட்டுக்கென்று பழைய தமிழ்ப் பெயர் ஏதும் உண்டா, இந்தச் சொற்களுக்கெல்லாம் ஒரே பொருள்தானா?

ஒரே பெயர் கிடையாது, எல்லாம் ஒரே பொருளும் கிடையாது. கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இன்று நம் வாயில் இருக்கும் பெயர்கள் பெரும்பாலும் சாப்பாட்டைச் சொல்வதே இல்லை. 'பதினாறு', 'எட்டு', 'முப்பத்தொன்று' என்றால் நாள். 'காரியம்', 'கருமாதி' என்றால் செய்யும் வேலை. 'எட்டுச் செலவு' என்றால் செலவு. ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனாலும் "பதினாறுக்குப் போய்விட்டு வந்தேன்" என்றுதான் சொல்வோம். பந்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் நமக்கு ஒரு கூச்சம் இருக்கிறது.

அத்தை சொன்னதில் நியாயம் உண்டு. விருந்து என்ற சொல்லுக்கு முதற்பொருள் புதுமை. பிறகு புதிதாக வந்தவர், அதன் பிறகுதான் அவருக்குப் போடும் சோறு. வந்தவரை வரவேற்பதுதான் விருந்தின் உயிர். சாவு வீட்டில் வந்தவரை 'வாங்க' என்று கேட்கும் வழக்கம் கிடையாது. புறப்படும்போது 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லிக்கொள்வதும் கிடையாது, சொன்னால் பெரியவர்கள் முறைப்பார்கள். வரவேற்பும் விடைபெறுதலும் இல்லாத இடத்தில் போடும் சோற்றை விருந்து என்று சொல்ல நாக்கு வராதது இயல்புதான்.

சரி, பழைய சொற்களுக்கு வருவோம். சங்கப் பாட்டில் இந்தக் கூச்சம் இல்லை. அங்கே சோற்றைச் சோறு என்றே சொல்கிறார்கள். இரண்டு சொற்கள் முக்கியமானவை: பெருஞ்சோறு, பிண்டம்.

பெருஞ்சோறு என்றதும் நினைவுக்கு வருபவன் சேரமான் உதியஞ்சேரலாதன். புறநானூற்றின் 2ஆம் பாட்டு அவனைப் 'பெருஞ்சோற்று மிகுபதம் வரையாது கொடுத்தோய்' என்கிறது. பாரதப் போரில் இரண்டு பக்கத்துப் படைக்கும் அவன் சோறு போட்டான் என்று பழைய உரை சொல்கிறது. சிலப்பதிகார வாழ்த்துக் காதையும் 'ஓரைவர் ஈரைம்பதின்மர்' போரில் பெருஞ்சோறு அளித்த சேரன் என்றே பாடுகிறது. ஆனால் அகநானூறு 233இல் மாமூலனார் இதே செய்தியை வேறு விதமாகச் சொல்கிறார்: 'துறக்கம் எய்திய தொய்யா நல்லிசை முதியர்ப் பேணிய உதியஞ்சேரல் பெருஞ்சோறு கொடுத்த ஞான்றை'. துறக்கம் எய்திய முதியர் என்றால் மேலுலகம் போய்ச் சேர்ந்த முன்னோர். அவர்களைப் பேணுவதற்காகக் கொடுத்த பெருஞ்சோறு. அன்றைக்குக் கூளிச் சுற்றம், அதாவது பேய்க்கூட்டம், வந்து கூடியிருந்ததாம். இதை வைத்துத்தான் சில ஆராய்ச்சியாளர்கள், அவன் போர்க்களத்தில் சமையல் நடத்தவில்லை, பாரதப் போரில் மாண்டவர்களை முன்னோராகக் கருதி ஆண்டு நினைவில் சோறு போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. குருச்சேத்திரத்துக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போனான் என்பதைவிட, ஊரில் இலை போட்டான் என்பது நம்பும்படி இருக்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. தொல்காப்பியத்தில் 'பிண்டம் மேய பெருஞ்சோற்று நிலை' என்று ஒரு துறை வருகிறது. அது வஞ்சித் திணை. போருக்குப் புறப்படும் வீரர்களுக்கு அரசன் சோற்றை உருண்டை உருண்டையாகக் கொடுப்பது. ஆகவே பெருஞ்சோறு என்பது சாவுக்கு மட்டும் உரிய சொல் அல்ல. ஊர் கூடி உண்ணும் எந்தப் பெரிய சோற்றுக்கும் அது பொது. பிண்டம் என்பதும் அப்படித்தான். முதலில் அது வெறும் உருண்டை, திரண்டது. போருக்குப் போகிறவன் கையிலும் பிண்டம், போரில் செத்தவனுக்கும் பிண்டம். பிற்காலத்தில்தான் இரண்டாவது மட்டும் நிலைத்தது.

அந்த இரண்டாவது பிண்டத்தைக் கண்ணெதிரே காட்டும் பாட்டு புறநானூறு 234. வேள் எவ்வி என்ற குறுநில மன்னன் இறந்தபோது வெள்ளெருக்கிலையார் பாடியது. ஆறே வரி:

நோகோ யானே தேய்கமா காலை
பிடியடி அன்ன சிறுவழி மெழுகித்
தன்அமர் காதலி புல்மேல் வைத்த
இன்சிறு பிண்டம் யாங்குஉண் டனன்கொல்
உலகுபுகத் திறந்த வாயில்
பலரோடு உண்டல் மரீஇ யோனே

பெண் யானையின் கால்தடம் அளவுக்குத் தரையை மெழுகி, புல்லைப் பரப்பி, அதன்மேல் மனைவி ஒரு சின்னச் சோற்றுருண்டையை வைத்திருக்கிறாள். உலகமே நுழையும்படி வாசலைத் திறந்துவைத்துப் பலரோடு சேர்ந்து சாப்பிட்டே பழகியவன், இதை எப்படித் தனியாகச் சாப்பிட்டானோ என்று கேட்கிறார் புலவர். பந்தி ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. இறந்தவருக்கு வைப்பது ஒரு கைப்பிடி. அவர் தனியாகச் சாப்பிடக் கூடாது என்பதற்காகத்தான் பக்கத்திலேயே ஊருக்கு இலை. புறநானூறு 249இல் இன்னொரு பெண் முறம் அளவுக்கு இடம் ஒதுக்கி, சாணத்தோடு தன் கண்ணீரையே நீராக விட்டு மெழுகுகிறாள். யானைக் காலடி, முறம்: இரண்டு பாட்டும் இடத்தின் சிறுமையை அளந்து சொல்வதைப் பாருங்கள்.

சுடுகாட்டுச் சாப்பாடு எப்படி இருந்தது என்பதற்கும் பாட்டு இருக்கிறது. புறநானூறு 363 'உப்பிலாஅ அவிப்புழுக்கல்' என்கிறது. உப்பில்லாமல் வேகவைத்த சோறு. அதைக் கையில் வாங்கி, திரும்பிப் பார்க்காமல், நிலமே பாத்திரமாகப் படைப்பார்கள். 360ஆம் பாட்டில் பாடையை இறக்கிய பிறகு புல்மேல் இட்ட 'சில்லவிழ் வல்சி', கொஞ்சம் சோற்றுப் பருக்கை, அதோடு கள். உப்பில்லாத சோறு, திரும்பிப் பார்க்காமல் வருவது, இரண்டும் இன்றைக்கும் எத்தனையோ ஊர்களில் நடக்கிறது. படையலில் சாராயமும் சுருட்டும் வைப்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் படித்த உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவரிடம் அதியமான் நடுகல்லை ஔவையார் பாடிய 232ஆம் பாட்டைக் காட்டலாம். நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்கள், நாடே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானோ என்று ஔவை கேட்கிறார். இறந்தவருக்குப் பிடித்ததை வைப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல.

மண்ணுக்குள்ளும் சான்று கிடைத்திருக்கிறது. பழனி பக்கம் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்த ஈமக்குழியில் நான்கு கால் வைத்த சாடி ஒன்றில் ஏறக்குறைய 2 கிலோ நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணக்கிட்டார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுமிக்கு கி.மு. 1155 என்று ஆய்வு முடிவு வந்ததாக 2021இல் அறிவித்தார்கள். தாழியில் போட்ட நெல்லுக்கும் இன்று வாயில் போடும் அரிசிக்கும் நடுவே மூவாயிரம் ஆண்டு.

காக்கையைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. இன்று காக்கைக்குச் சோறு வைப்பதென்றால் முன்னோருக்கு என்றே ஆகிவிட்டது. குறுந்தொகை 210இல் காக்கைக்கு வைக்கும் பலி விருந்துக்காக. 'விருந்துவரக் கரைந்த காக்கையது பலியே' என்கிறாள் தோழி. தலைவன் வரப்போவதைக் கத்திச் சொன்னதற்குக் கூலி. ஒரே பறவை, ஒரே சோறு, அங்கே வரப்போகிறவருக்காக, இங்கே போய்விட்டவருக்காக. இந்தத் திருப்பம் எப்போது நடந்தது என்று யோசித்தால் சுவையாக இருக்கும். மொட்டைமாடிச் சுவரில் இலையை வைத்துவிட்டு 'கா கா' என்று கூப்பிட்டுக்கொண்டு நிற்கும்போது, கீழே பசியோடு உட்கார்ந்திருக்கும் பந்திக்கு அந்த யோசனை வராது, அது வேறு.

இன்னொரு பழைய சொல் கடன். 'தென்புல வாழ்நர்க்கு அருங்கடன் இறுக்கும்' என்று புறநானூறு 9 சொல்கிறது. திருக்குறள் தென்புலத்தாரை முதலில் வைத்து, தெய்வத்தையும் விருந்தையும் அதற்குப் பிறகே வைக்கிறது. இறுதிக்கடன், நீர்க்கடன் எல்லாம் இதிலிருந்து வந்தவை. பதினாறு முடிந்ததும் நிஜமாகவே கடன்காரராகி நிற்கும் குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம், சொல் அவர்களைச் சும்மா விடவில்லை.

இனி இன்றைய சொற்கள். முதலில் சாவுக்கே ஊருக்கு ஒரு பெயர். மதுரை, இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் 'கேதம்', கேதம் கேட்கப் போவார்கள். திருநெல்வேலியில் 'துட்டி'. கொங்கு நாட்டில் 'பெரிய காரியம்'. யாழ்ப்பாணத்தில் 'செத்தவீடு', இதில் பூசி மெழுகுவது கிடையாது. 'இழவு' எல்லா இடத்திலும் புரியும். இழப்பு என்பதுதான் அதன் நேர்ப்பொருள், கௌரவமான பழஞ்சொல், இன்று வசைச்சொல்லாகிக் கிடக்கிறது.

சாவன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அன்றைய சோறு வெளியிலிருந்துதான் வர வேண்டும். பக்கத்து வீட்டார், பங்காளிகள், பல சாதிகளில் சம்பந்தி வீட்டார். 'சம்பந்தி சாப்பாடு' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது இதுதான். சோறு, குழம்பு, ரசம், ஒரு பொரியல், அவ்வளவே. இதைப் பந்தி என்று யாரும் நினைப்பதில்லை. காடு போய்க் குளித்துவிட்டு வந்தவர்களுக்கு வயிற்றில் ஏதாவது போக வேண்டும், அதற்கு. என் பார்வையில் இந்த முழு ஏற்பாட்டிலும் அர்த்தம் அதிகம் உள்ள சாப்பாடு இதுதான், பதினாறாம் நாள் பந்தியைவிட.

அதற்கு முன்பே வாய்க்கரிசி. அதுவும் ஒரு சாப்பாடுதான், கடைசிச் சாப்பாடு. உறவினர் வரிசையாக வந்து பிடி அரிசியை வாயருகே போடுவார்கள். ஊருக்கு ஊர் கைமுறை மாறும், சில இடங்களில் அரிசியோடு காசும் சேரும். மறுநாளோ மூன்றாம் நாளோ பால் தெளிப்பு, காடாற்று, சஞ்சயனம். பெயர் வேறு, வேலை ஏறக்குறைய ஒன்றே. சாம்பலைக் குளிர்வித்து எலும்பை எடுப்பது. அன்றும் சின்னப் படையல் உண்டு.

பிறகு எட்டு. எட்டாம் நாள் கும்பிடு, எட்டுப் படைப்பு. அதன் பிறகு பெரிய நாள். பதினாறு என்பது பரவலான கணக்கு, ஆனால் பதினொன்று, பதின்மூன்று, பதினைந்து, முப்பது என்று சாதிக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும். இதற்குத்தான் கருமாதி, கருமாந்திரம், காரியம், உத்தரக்கிரியை என்ற பெயர்களெல்லாம். கருமம் என்ற வடசொல்லின் வழி வந்தவை கருமாதியும் கருமாந்திரமும். உத்தரக்கிரியை என்றால் பின்னால் செய்யும் கிரியை, பத்திரிகை விளம்பரத்திலும் கார்டிலும் மட்டும் வாழும் சொல் அது. யாரும் 'உத்தரக்கிரியைக்குப் போயிருந்தேன்' என்று பேசிக் கேட்டதில்லை. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இதையே 'அடியந்திரம்' என்பார்கள்.

பதினாறாம் நாளில் சாப்பாட்டுக்கு முன் நடப்பது உருமால் கட்டு. தலைப்பாகை கட்டுதல் என்றும் சொல்வார்கள். மாமன் மைத்துனர் கோடி வேட்டி துண்டோடு வந்து மூத்த மகன் தலையில் துணியைக் கட்டுவார்கள். இனி இந்த வீட்டுக்கு இவன்தான் தலை என்று ஊரறியச் சொல்வது. அதன் பிறகுதான் இலை விழும். அந்தச் சோற்றைச் சாப்பிடுவது ஒருவகையில் சாட்சிக் கையெழுத்து. இதனால்தான் பகையாக இருக்கும் பங்காளி வந்து நின்றுவிட்டுக் 'கை நனைக்காமல்' போனால் அது பெரிய விஷயமாகிவிடுகிறது. அவர் துக்கத்தை ஏற்றுக்கொண்டார், உறவை ஏற்கவில்லை. மொய், செய்முறை நோட்டும் பந்தல் ஓரத்தில் திறந்திருக்கும். கல்யாண நோட்டைப் போலவே கருமாதி நோட்டையும் பத்திரமாக வைத்திருப்பார்கள், திருப்பிச் செய்ய வேண்டுமே.

பந்தியில் உட்கார்ந்தவருக்கு வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், இலையில். கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் இலையின் மேல்பாதியைத் தன் பக்கம் மடிப்போம். உறவு தொடரட்டும் என்று பொருள். காரியச் சாப்பாட்டில் கீழ்ப்பாதியைத் தூக்கி எதிர்ப்பக்கம் மடிக்க வேண்டும். இது மறுபடி வரக் கூடாத பந்தி. பழக்கத்தில் தன் பக்கம் மடிக்கப்போன சின்னப் பையனின் கையைப் பக்கத்தில் இருக்கும் பாட்டி சட்டென்று பிடித்துத் திருப்பிவிடுவார், எதுவும் பேசாமலே. 'இன்னும் கொஞ்சம் போடட்டுமா' என்ற வற்புறுத்தலும் நான் பார்த்த பந்திகளில் குறைவுதான். கேட்டால் போடுவார்கள். காய்களிலும் கணக்கு உண்டு. பாகற்காயும் அகத்திக்கீரையும் சுப காரியப் பந்தியில் வராது, இங்கே வரும். பல வீடுகளில் பதினாறு வரை சைவம், அதற்கு மறுநாள் கறி எடுத்து உறவுக்குப் போட்டால்தான் துக்கம் முடிந்ததாகக் கணக்கு. வேறு சில வீடுகளில் படையலிலேயே கறியும் கருவாடும் இருக்கும்.

பிராமண வீடுகளில் கணக்கு வேறு. பத்தாம் நாள் ஒரு சடங்கு, பதினொன்றில் இறந்த ஒருவருக்காக மட்டும் செய்யும் ஏகோத்திஷ்டம், பன்னிரண்டில் சபிண்டீகரணம், பதின்மூன்றில் துக்கத்தை முடித்துவைக்கும் சுபஸ்வீகாரம். சபிண்டீகரணம் என்ற நீளமான சொல்லுக்குள் நம் பழைய பிண்டம்தான் உட்கார்ந்திருக்கிறது. இறந்தவருக்கான பிண்டத்தை மூன்று தலைமுறை முன்னோர் பிண்டங்களோடு கலப்பது. எவ்வியைப் பாடியவர் கேட்ட கேள்விக்கு இதில் ஒரு பதில் இருப்பதாக எனக்குத் தோன்றும். தனி உருண்டை அன்றோடு தனி அல்ல. வருடாவருடம் வருவது சிராத்தம், திவசம், பேச்சில் தெவசம். அந்தச் சமையலில் வெங்காயம், உருளை, முட்டைக்கோசு, தக்காளி எதுவும் கிடையாது. மிளகாய்க்குப் பதில் மிளகு. பாகல், வாழைக்காய், பிரண்டைத் துவையல், எள்ளுருண்டை உண்டு. பிரண்டைக்கு ஏன் இந்த மதிப்பு என்றால் ஒரு கதை சொல்வார்கள். சிராத்தச் சாப்பாட்டுக்கு 1008 காய் வேண்டும் என்று விசுவாமித்திரர் அடம்பிடித்தாராம். அருந்ததி எட்டுக் காயோடு பாகல், பிரண்டை, பலா மூன்றையும் வைத்துவிட்டு, பாகல் நூறுக்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு, கூட்டிப் பாருங்கள் என்றாளாம். சமையற்கட்டுக்குள் நிற்கிறவருக்குத்தான் இப்படிக் கணக்குப் போட வரும்.

உங்கள் மாப்பிள்ளையின் அந்தியேட்டிக்கு வருவோம். அந்த்யேஷ்டி என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் அது. கடைசி வேள்வி என்று பொருள். தமிழகத்தில் இறுதிச் சடங்கையே அந்திமக் கிரியை என்பதால் பலர் இதையும் அதையும் குழப்பிக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அது 31ஆம் நாள் நடப்பது. கீரிமலை போன்ற கடற்கரையில் கிரியை, பிறகு வீட்டில் வீட்டுக்கிருத்தியம், அதன் பிறகு பந்தி. அறிவித்தல்களில் அந்தப் பந்திக்கு 'மதியபோசனம்' என்று எழுதுவார்கள். அங்கும் விருந்து என்ற சொல் தவிர்க்கப்படுவதைக் கவனியுங்கள். வந்தவர்களுக்கு அன்று ஒரு சிறு நூல் கொடுப்பார்கள். இறந்தவர் வரலாறும் தேவாரமும் இரங்கற்பாவும் அச்சிட்டது. அதற்குப் பெயர் 'கல்வெட்டு'. காகிதத்தில் அச்சிட்டாலும் கல்வெட்டுத்தான். நடுகல் நட்ட மரபு இப்படி ஒரு சொல்லாக மிஞ்சியிருக்கிறது என்று நினைக்கச் சுகமாக இருக்கிறது.

அதற்கு முன் வருவது எட்டுச் செலவு. இங்கே கட்டுப்பாடு இல்லை. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டது எல்லாம் படையலுக்கு வரும். மீன், இறைச்சி, வடை, முறுக்கு, குடிப்பவராக இருந்தால் அதுவும். அந்தியேட்டிப் பந்தியோ சுத்த சைவம். ஒன்று ஆளுக்குப் போடும் சோறு, மற்றது பிதிராகி, அதாவது முன்னோரில் ஒருவராகி விட்டவருக்குப் போடும் சோறு என்று நான் புரிந்துகொள்கிறேன்.

முஸ்லிம்களிடம் மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் பாத்திஹா உண்டு. குர்ஆன் ஓதி முடித்துச் சோறு போடுவதைக் கத்தம் என்பார்கள். இது மார்க்கத்தில் உள்ளதா இல்லையா என்ற வாதம் அவர்களுக்குள் நெடுநாளாக நடக்கிறது, நாம் நடுவில் போக வேண்டாம். கிறிஸ்தவர்களிடம் முப்பதாம் நாள் பூசை, அதோடு ஒரு சாப்பாடு, நவம்பர் 2 கல்லறைத் திருநாள்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். இறந்த நாளைக் கூச்சமே இல்லாமல் பெருவிருந்தாகக் கொண்டாடும் இடம் ஒன்று இருக்கிறது: பெரியவர்களின் நினைவு நாள். நாகூர்க் கந்தூரி என்பது சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவு விழா. கந்தூரி என்ற பாரசீகச் சொல்லுக்குச் சாப்பிட விரிக்கும் துணி என்று பொருள். விரிப்பின் பெயரே விழாவுக்குப் பெயர். உரூஸ் என்ற இன்னொரு சொல்லோ திருமணம் என்ற பொருளுடையது, இறைவனோடு சேர்ந்த நாள் என்ற கருத்தில். சைவத்தில் இதற்கு இணை குருபூசை. நாயன்மார் முத்தி பெற்ற நட்சத்திரத்தில் அடியாருக்கு அமுது படைப்பது, மாகேசுர பூசை. அவர்கள் சாகவில்லை, சேர்ந்தார்கள். ஆகவே அங்கே சோற்றைப் பற்றிப் பேசலாம். நம் வீட்டு அப்பாவுக்கு மட்டும்தான் நாளையும் வேலையையும் சொல்லி மழுப்புகிறோம்.

மழுப்புவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தச் சொற்கள் எல்லாமே வசவாகிவிட்டன. 'கருமாந்திரம்' என்றால் அருவருப்பு. 'எழவு' என்றால் எரிச்சல். 'தண்டச்சோறு' கேட்ட பையன் பக்கத்திலேயே 'தண்டப்பிண்டம்' கேட்ட பையனும் இருப்பான். 'உனக்கு வாய்க்கரிசி போட' என்று பாட்டிகள் திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு சொல் வசவானதும் அச்சுக்கு அது ஆகாது, புதிதாக ஒன்றைத் தேடுவோம். கருமாதி போய்க் காரியம், காரியம் போய் உத்தரக்கிரியை, இப்போது நினைவேந்தல், நினைவஞ்சலி. அண்ணனுக்குக் 'கருமாதி' உறுத்துவது இதனால்தான். அவர் தாத்தாவுக்கு அது உறுத்தியிருக்காது.

திராவிட இயக்கத்தார் வேறு வழியில் போனார்கள். சடங்கு வேண்டாம், புரோகிதர் வேண்டாம் என்று விட்டுவிட்டு 'படத்திறப்பு' வைத்தார்கள். இறந்தவர் படத்தை ஒருவர் திறந்து வைப்பார், நாலு பேர் பேசுவார்கள், பிறகு சாப்பாடு. இன்று கட்சி சாராத வீடுகளிலும், பதினாறாம் நாள் சடங்கு முழுக்கச் செய்யும் வீடுகளிலும்கூடப் படத்திறப்பு உள்ளே வந்துவிட்டது. சாப்பாட்டை மட்டும் யாரும் விடவில்லை.

உங்கள் கார்டுக்கு: 'பெருஞ்சோறு' என்று போடலாமே என்று தமிழ்ப்பற்றுள்ள யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். அது போருக்கும் பொது, படிப்பவருக்கும் புரியாது. 'பிண்டம்' பற்றிப் பேச்சே வேண்டாம். 'அந்தியேட்டி' உங்கள் வீட்டில் 31ஆம் நாள் செய்தால் மட்டும் பொருந்தும். பதினாறில் செய்துவிட்டு அந்தப் பெயரைப் போட்டால் யாழ்ப்பாணத்து உறவுகள் இரண்டாவது நாளும் ஒன்று இருக்கிறதென்று காத்திருப்பார்கள். 'பதினாறாம் நாள் காரியம்' என்பது எல்லாருக்கும் புரியும், யாருக்கும் உறுத்தாது. பேச்சிலும் அதைத்தான் சொல்லப் போகிறீர்கள். சாப்பாட்டுக்குத் தனி வரி போடுவதானால் 'படையலும் மதிய உணவும்' என்று எழுதலாம். படையல் நல்ல தமிழ், இறந்தவர் இலையையும் சொல்லிவிடுகிறது. உருமால் கட்டு உண்டென்றால் அதற்கு நேரம் தனியாகப் போடுங்கள், மாமன் வீட்டார் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தால் சங்கடம். 'தங்கள் வரவை அன்புடன் எதிர்பார்க்கும்' என்ற வரி அச்சகத்து மாதிரியில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், பிழை திருத்தும்போது அதை மறக்காமல் எடுத்துவிடச் சொல்லுங்கள். 'இப்படிக்கு' போட்டு மகன்கள், மகள்கள், மருமக்கள் பெயர் வந்தால் போதும்.